பேரிடருக்கு ஆயத்தமாவது விசுவாசக் குறைவா?

இல்லை, குறைவே இல்லை. ‘புயல் எச்சரிக்கை வந்ததும் அரிசி, தண்ணீர் என்று சேர்த்து வைப்பது தேவனை நம்பாததற்குச் சமம் என்கிறார்கள், அப்படியானால் கிறிஸ்தவர் எப்படித்தான் ஆயத்தமாவது’ என்று கேட்டிருந்தீர்கள். 2023 டிசம்பர் 17 வரைக்கும் நானும் ஏறக்குறைய அப்படி நினைத்துக்கொண்டிருந்தவன்தான்.

எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில், ஸ்ரீவைகுண்டத்துக்கும் ஏரலுக்கும் நடுவில், தாமிரபரணிக் கரை. அன்று ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வெந்து காலத்தின் மூன்றாம் வாரம். காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. ஆலயத்துக்குப் பாதிப் பேர்தான் வந்திருந்தோம். மழை குறையும்படி ஜெபித்தோம், வீட்டுக்கு வந்து சாப்பிட்டோம், படுத்தோம். எங்கள் தெருவில் ஒரு குடம் தண்ணீர்கூட யாரும் பிடித்து வைக்கவில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. எங்கள் மாவட்டத்தில் சாதாரணமாக ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அது அதிகம். குளங்கள் ஒவ்வொன்றாக உடைந்து, ஆறும் கரை மீறி, ராத்திரி வாசல்படி ஏறிவிட்டது தண்ணீர். கரண்ட் இல்லை, கொஞ்ச நேரத்தில் போன் டவரும் இல்லை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஏறக்குறைய 800 பேரோடு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டதும் அதே இரவுதான், செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

எங்கள் தெருவில் மாடி இருந்தது சித்தப்பா வீட்டில் மட்டும். அவரோடு எங்களுக்கு மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை. வேலித் தகராறு, ஒன்றரை அடி நிலம். நடக்க முடியாத அம்மாவைத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் கதவைத் தட்ட எனக்கு மனம் வரவில்லை. தட்டலாமா வேண்டாமா என்று கால் மணி நேரம் நின்றேன், அதற்குள் தண்ணீர் ஒரு சாண் ஏறிவிட்டது. கடைசியில் அவரே டார்ச்சோடு இறங்கி வந்து, “எலே, மதினிய இங்க கொடு” என்று கையை நீட்டினார். அந்தக் கால் மணி நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு நடுங்குகிறது.

அதனால், ஆவிக்குரிய ஆயத்தம் என்று கேட்டால் நான் முதலில் ஜெபத்தைச் சொல்ல மாட்டேன். ஒப்புரவாகுதலைச் சொல்வேன். காணிக்கையைப் பலிபீடத்துக்கு முன்னே வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று ஆண்டவர் சொன்னது (மத்தேயு 5:24) எனக்குச் சின்ன வயதிலிருந்தே மனப்பாடம். அது வெள்ளத்துக்கான ஆயத்தமும்தான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. யாரோடாவது பேச்சு நின்றுபோயிருந்தால் மழைக்காலத்துக்கு முன்னால் போய்ப் பேசிவிடுங்கள்.

சரி, விசுவாசக் குறைவு என்கிற பேச்சுக்கு வருகிறேன். அதற்கு வேதத்தில் அப்போஸ்தலர் 27ஆம் அதிகாரத்தைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை. பவுல் கைதியாகக் கப்பலில் போகிறார், கப்பலில் மொத்தம் 276 பேர். இந்தப் பருவத்தில் பயணம் ஆபத்து என்று முன்பே எச்சரிக்கிறார், யாரும் கேட்கவில்லை. புயலில் சிக்கிய பிறகு தேவதூதன் வந்து, கூட இருக்கும் எல்லாரையும் தேவன் உனக்குத் தந்தார் என்கிறான். ஒரு உயிருக்கும் சேதம் வராது என்று வாக்கு வந்தாகிவிட்டது. அதற்கப்புறம் கப்பலாட்கள் படகில் தப்பப் பார்க்கும்போது அதே பவுல் என்ன சொல்கிறார்? இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப் பிழைக்க முடியாது என்கிறார். பதினாலு நாள் பட்டினி கிடந்தவர்களிடம் சாப்பிடுங்கள், இது நீங்கள் தப்புவதற்கு உதவும் என்கிறார். கடைசியில் நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தியும் மற்றவர்கள் பலகையைப் பிடித்துக்கொண்டும்தான் கரை சேர்ந்தார்கள். வாக்குத்தத்தம் இருந்ததால் பவுல் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை, அதை நம்பியதால்தான் பதறாமல் இத்தனையும் செய்ய முடிந்தது என்று நான் வாசிக்கிறேன்.

தேவன் நம்மைக் காப்பார் என்று சொல்லும் சங்கீதம் 91 வசனம் வீட்டு வாசலில் ஒட்டியிருக்கிறது, அது போதும் என்பவர்களும் உண்டு. தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, கீழே குதி என்று இயேசுவிடம் சாத்தான் காட்டியது அதே சங்கீதத்தைத்தான். அவர் குதிக்கவில்லை.

இனி பொருட்கள். நாங்கள் பட்ட அடியிலிருந்து சொல்கிறேன். ரேஷன் கார்டு, ஆதார், பத்திரம், பாங்க் புத்தகம், ஞானஸ்நான சர்டிபிகேட் எல்லாம் கெட்டியான பிளாஸ்டிக் கவரில், ஒரே பையில். முக்கியமான பத்து போன் நம்பர்களைக் காகிதத்தில் எழுதி அதிலேயே வையுங்கள், போன் செத்தால் பெற்ற பிள்ளையின் நம்பர்கூட நமக்கு நினைவில் இருப்பதில்லை. மாநில அவசர உதவிக்கு 1070, மாவட்டத்துக்கு 1077. அவல், பொரிகடலை, கருப்பட்டி, பால் பவுடர், அடுப்பு இல்லாமல் சாப்பிடக்கூடியது எதுவும். மழை வலுக்கும் முன்பே குடிதண்ணீரைப் பிடித்து உயரமான இடத்தில் ஏற்றிவிடுங்கள், நாலு பக்கமும் தண்ணீர் நிற்க, குடிக்க ஒரு டம்ளர் இல்லாமல் இரண்டு நாள் இருந்தோம். தண்ணீர் வீட்டுக்குள் வரும்போல இருந்தால் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். அம்மாவுக்கு இன்சுலின், அது பிரிட்ஜில் இருந்தது, கரண்ட் வந்தது நான்காம் நாள். இப்போது பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை, நடுவில் ஈர மணல் என்று வைத்துப் பழகியிருக்கிறோம், டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான். ஆடு மாடு இருந்தால் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போங்கள், தயவுசெய்து. பக்கத்துத் தொழுவத்தில் கட்டியபடியே செத்துக் கிடந்த பசுவை என்னால் மறக்க முடியவில்லை. நீதிமான் தன் மிருகஜீவனைக் காப்பாற்றுகிறான் என்று நீதிமொழிகளில் இருக்கிறது.

வீட்டைவிட சபை ஆயத்தமாவது முக்கியம் என்பது என் எண்ணம். ஆலயமும் பள்ளிக்கூடமும் மேட்டில் இருந்தன, ஆனால் ஆலயச் சாவி ஒரே ஒருவரிடம், அவர் வீடு பள்ளத்தில். விடிந்த பிறகுதான் கதவைத் திறக்க முடிந்தது. அசனத்துக்கு, அதாவது சபையின் பொது விருந்துக்கு, சோறு வடிக்கும் அண்டாக்கள் அங்கே இருந்தது பெரிய ஆசீர்வாதம், ஆயிரம் பேருக்குப் பொங்கிப் பழகிய கைகளும் எங்கள் ஊரில் உண்டு, இரண்டாம் நாளிலிருந்து கஞ்சி கிடைத்துவிட்டது. பக்கத்து ஊர்ப் பள்ளிவாசல்காரர்கள் அரிசி கொண்டுவந்தார்கள். எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார்கள் என்பதுதான் தெரியவில்லை. பிள்ளைகள் சென்னையிலும் துபாயிலும் இருக்க, தனியாகக் கிடந்த இரண்டு பாட்டிகளைச் செவ்வாய்க்கிழமைதான் கண்டுபிடித்தோம், உயிரோடு. இதிலும் வேதத்தில் வழி இருக்கிறது. பஞ்சம் வரும் என்று அகபு என்கிற தீர்க்கதரிசி சொன்னதும் அந்தியோகியா சபை அந்தப் பஞ்சத்துக்காகப் பணம் சேர்த்து யூதேயாவுக்கு அனுப்பியது (அப்போஸ்தலர் 11).

இன்னொரு ஆயத்தம் நாக்குக்கு. ‘நாங்கள் ஜெபித்தோம், ஆண்டவர் எங்கள் வீட்டைக் காத்தார்’ என்று சாட்சி சொல்லும்போது, பக்கத்தில் வீடு இழந்தவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் ஜெபிக்கவில்லையா? சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசுவே கேட்டு, அப்படியல்ல என்றும் சொல்லிவிட்டார். அதற்கு மேல் நாம் விளக்கம் சொல்ல வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து அழுதால் போதும்.

வசனங்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வேதாகமம் போனில்தான் இருக்கிறது என்றால் அந்த இருட்டில் உங்களுக்கு அது இல்லை. சித்தப்பா வீட்டு மாடியில் பத்தொன்பது பேர், சின்னப் பிள்ளைகள் அழுதுகொண்டே இருந்தார்கள். அம்மா மெதுவாக, “தேவன் நமக்கு அடைக்கலமும் பெலனும், ஆபத்துக்காலத்தில் அநுகூலமான துணையுமானவர்” என்று தொடங்கினார்கள். சித்தப்பா அடுத்த வசனத்தை எடுத்தார். விடியும்வரை எத்தனை முறை சொல்லியிருப்போம் என்று கணக்கில்லை.

இப்போது ஆலயச் சாவி மூன்று வீடுகளில் இருக்கிறது. தனியாக இருப்பவர்களின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தூக்கிவரப் போகிற இரண்டு பேரின் பெயரையும் எழுதுகிறோம். அக்டோபர் கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அதை வாசித்துத் திருத்துவோம். சபையில் இல்லாதவர்களையும் எழுதட்டுமா என்று உபதேசியார் (போதகருக்கு உதவியாக இருக்கும் சபை ஊழியர்) கேட்டதற்கு, ஐயர் என்று நாங்கள் அழைக்கும் எங்கள் போதகர், தெருத்தெருவாக எழுதுங்கள் என்றார்கள். அதனால் நோட்டில் எங்கள் சபையாரைவிட மற்றவர்கள் பெயர்தான் இப்போது அதிகம்.