லாக்டோஸ் நீக்கிய பால் இந்த விலக்கு உணவுமுறைக்குச் சரிவராது

தோல் தடிப்புக்குக் காரணமான உணவைக் கண்டுபிடிக்கப் பாலையும் சோயாவையும் விலக்கியிருக்கிறீர்கள், ஆனால் லாக்டோஸ் நீக்கிய பாலைக் குடித்துவருகிறீர்கள். அதை நிறுத்திவிட்டு ஓட்ஸ் பாலுக்கு மாறுங்கள். லாக்டோஸ் என்பது பாலிலுள்ள சர்க்கரை; அது போனாலும் கேசீன் உள்ளிட்ட பால் புரதங்கள் அப்படியே இருக்கும். விலக்கியும் தடிப்பு குறையவில்லை என்கிறீர்களே, முதல் சந்தேகம் இந்தப் பாலின்மேல்தான். கால்சியம் சேர்த்த ஓட்ஸ் பாலாகப் பாருங்கள். கால்சியம் அடியில் படிந்துவிடும், குலுக்கி ஊற்றுங்கள். சமையலுக்குத் தேங்காய்ப்பால் போதும், ஆனால் அதில் கால்சியம் மிகக் குறைவு.

வெண்ணெய்க்குப் பதிலாக மார்ஜரின் வேண்டாம், எண்ணெயே நல்லது. பல மார்ஜரின்களில் மோர்ப் புரதமோ சோயா லெசித்தினோ இருக்கும்.

இன்று அலமாரியில் உள்ள ரொட்டி, சூப் பொடி, சாக்லேட் உறைகளைப் படித்துப் பாருங்கள். பாலைக் குறிக்கும் கேசினேட் (கேசீனிலிருந்து வருவது), வே (whey, மோர்ப் புரதம்), சோயாவாக இருக்கக்கூடிய லெசித்தின், தாவரப் புரதம் (vegetable protein) ஆகிய பெயர்களைத் தேடுங்கள். 'பால் அற்றது' என்று விற்கும் காபி கிரீமரில்கூட சோடியம் கேசினேட் இருப்பதுண்டு, என்ன நியாயமோ!

முன்பு எப்போதாவது மூச்சுத்திணறலோ முகவீக்கமோ வந்திருந்தால், விலக்கிய உணவை வீட்டில் மறுபடி சோதிக்காதீர்கள். அது மருத்துவர் முன்னிலையில் செய்ய வேண்டியது.