முதலாண்டும் முதன்மைப் பாடமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எந்த மேஜர் எடுத்தால் உடனே வேலை கிடைக்கும்? (வாசகர், சேலம்)

பதில்: பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்தீர்கள், எதில் எவ்வளவு மதிப்பெண், கல்லூரி அரசினுடையதா, உதவிபெறுவதா, தன்னாட்சியா என்று ஒன்றுமே எழுதாமல் ஒரு வரிக் கேள்வியை அனுப்பியிருக்கிறீர்கள். மாதந்தோறும் கேட்டுக்கொள்வதையே மறுபடியும் கேட்கிறேன்: விவரங்களுடன் எழுதுங்கள். மூன்று ஆண்டுகளைத் தீர்மானிக்கப்போகும் கேள்விக்கு மூன்று நிமிடமாவது செலவிடுங்கள்.

கேள்வி: பி.எஸ்சி. இயற்பியலில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. மனம் கணிதத்தில்தான் இருக்கிறது. இப்போது மாற முடியுமா ஐயா? (மாணவி, தென்காசி)

பதில்: முடியும், ஆனால் நாள் அதிகம் இல்லை. கணிதத் துறையில், உங்களுக்குரிய இட ஒதுக்கீட்டுப் பிரிவில், காலியிடம் இருக்க வேண்டும். முதல் பருவத் தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கு முன் முதல்வரின் அனுமதியும் கிடைக்க வேண்டும். ஆகவே இரு துறைத் தலைவர்களையும் நேரில் பார்த்துவிட்டு இந்த வாரமே விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். அதற்கு முன்பாக ஒரு காரியம் செய்யுங்கள். கணக்குப் போடுவது பிடிக்கும் என்று கணிதத்துக்கு வருபவர்களில் பலர், பின்னால் மெய்ப் பகுப்பாய்வும் நவீன இயற்கணிதமும் வந்து நிற்கும்போது திகைத்துப்போகிறார்கள். அங்கே விடை காண்பதைவிட, ஒரு கூற்றை முதலிலிருந்து படிப்படியாக நிறுவுவதுதான் வேலை. நூலகத்தில் பகுப்பாய்வுப் புத்தகம் ஒன்றை எடுத்து, எல்லை பற்றிய இயலில் இரண்டு நிறுவல்களைத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை என்றால் தயங்காமல் மாறுங்கள். அலுப்புத் தட்டினால் இயற்பியலிலேயே இருங்கள். அங்கும் கணிதம் துணைப் பாடமாக உங்களுடன் வரும்.

கேள்வி: ஐ.ஏ.எஸ். எழுத வரலாறு மேஜர் எடுத்தாக வேண்டுமா? (வாசகர், அரியலூர்)

பதில்: வேண்டியதில்லை. அங்கீகரிக்கப்பட்ட எந்தப் பட்டமும் போதும். முதன்மைத் தேர்வின் எழுத்துத் தாள்களுக்குரிய 1,750 மதிப்பெண்களில் விருப்பப் பாடத்துக்கு 500. அது பட்டப் படிப்பில் படித்த பாடமாக இருக்க வேண்டும் என்றும் விதி இல்லை.

கேள்வி: பி.எஸ்சி. கணினி அறிவியலில் இடம் கிடைக்காததால், செயற்கை நுண்ணறிவும் இயந்திரக் கற்றலும் என்ற பட்டத்தில் சேர்ந்திருக்கிறேன். பின்னாளில் அரசுப் பள்ளியில் கணினி ஆசிரியராக விருப்பம். இரண்டும் ஒன்றுதான் என்று சேர்க்கையின்போது சொன்னார்கள். சரிதானே? (மாணவர், நாமக்கல்)

பதில்: 'இரண்டும் ஒன்றுதான்' என்ற இந்த இரண்டு சொற்களால் பாழான வாழ்க்கைகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன், அதனால் உங்களுக்குச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படிக்காத ஓர் இளைஞர் என்னைத் தேடி வந்தார். முதுகலை ஆசிரியர் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்று, சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைக்கப்பட்டு, அங்கிருந்து திரும்பியவர். நெகிழி உறைக்குள்ளிருந்து பட்டச் சான்றிதழை எடுத்து மேசையில் வைத்து, பட்டத்தின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் இருந்த ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து, "இந்த ஒரு சொல்தான் ஐயா" என்றார். அவர் படித்த பாடங்களில் பெரும்பகுதி விலங்கியல்தான். ஆனால் பட்டத்தின் பெயர் அது அல்ல. அந்தப் பெயர் விலங்கியலுக்கு இணையானது என்று சொல்லும் அரசாணையும் இல்லை. அப்பா ஆடு விற்றுக் கட்டணம் கட்டிய கதையை அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

விதி இதுதான். முதுகலை ஆசிரியர் பணிக்கு, இளங்கலையிலும் முதுகலையிலும் அதே பாடத்தை அல்லது அதற்கு இணையானதென ஏற்கப்பட்ட பாடத்தைப் படித்திருக்க வேண்டும். இணையா, இல்லையா என்பதைக் கல்லூரி முடிவு செய்வதில்லை. இணைத்தன்மைக் குழு ஆராய்ந்து பரிந்துரைக்க, உயர்கல்வித் துறை அரசாணையாக வெளியிடுகிறது. அந்த அரசாணைகளில் 'இணையானது' என்று வந்த பட்டங்களும் உண்டு, 'இணையானதல்ல' என்று வந்தவையும் உண்டு. பாடத்தைத் தொடங்க அனுமதி பெறுவதும் இணைத்தன்மை பெறுவதும் வெவ்வேறு காரியங்கள். இதைச் சேர்க்கை மேசையில் உட்கார்ந்திருப்பவர் அறிந்திருக்க வேண்டும். அறிந்தும் சொல்லாமல் விடுவதை நான் மன்னிக்கவே மாட்டேன்.

ஆகவே நாளைக்கே துறைத் தலைவரிடம் சென்று, 'இந்தப் பட்டம் கணினி அறிவியலுக்கு இணையானது என்ற அரசாணையின் எண்ணும் நாளும் வேண்டும்' என்று எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். வாய்வார்த்தையை ஏற்காதீர்கள். எண் கிடைத்தால், அந்த ஆணையில் உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரும் பட்டத்தின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். கிடைக்காவிட்டால், ஆசிரியர் பணிதான் குறிக்கோள் என்னும்பட்சத்தில், துறை மாற்றத்துக்கு இப்போதே முயலுங்கள்.

புதுப் பட்டங்கள் எல்லாமே பயனற்றவை என்று நான் சொல்லவில்லை. தனியார் நிறுவனத்துக்கு உங்கள் திறமை போதும், அரசாணை வேண்டாம். அங்கும்கூட, தரவுக் கட்டமைப்பு, இயக்க முறைமை, தரவுத்தள மேலாண்மை, கணினி வலையமைப்பு ஆகிய நான்கும் பாடத்திட்டத்தில் முழுத் தாள்களாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இவை இல்லாமல் பெயரில் மட்டும் செயற்கை நுண்ணறிவு இருக்கும் பட்டம் எனக்கு ஏற்புடையதல்ல.

கேள்வி: மகள் பி.காம். சி.ஏ. சேர்ந்திருக்கிறாள். முடித்ததும் ஆடிட்டர் ஆகிவிடலாம் அல்லவா? (ஒரு தாய், கும்பகோணம்)

பதில்: இல்லை, அம்மா. அந்தப் பட்டத்தில் சி.ஏ. என்பது கணினிப் பயன்பாடு. பட்டயக் கணக்காளர் அல்ல. ஆண்டுதோறும் பத்துப் பேராவது இந்தக் கேள்வியை அனுப்புகிறார்கள். நீங்கள் இழந்தது எதுவும் இல்லை. பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் அடிப்படைத் தேர்வைப் பிளஸ் டூ முடித்தவர்கள் எழுதலாம். வணிகவியல் பட்டத்தில் 55 விழுக்காடு பெற்றால் அந்தத் தேர்வு இல்லாமலே அடுத்த கட்டமான இடைநிலைக்குப் பதிவு செய்யலாம். மகளுக்கு உண்மையிலேயே அதில் ஆர்வம் இருந்தால் முதலாண்டிலேயே அடிப்படைத் தேர்வுக்குப் படிக்கத் தொடங்கட்டும்.

கேள்வி: தமிழ் இலக்கியம் எடுத்திருக்கிறேன். உறவினர்கள் ஏளனம் செய்கிறார்கள். (மாணவி, திருவண்ணாமலை)

பதில்: குரூப் 4 தேர்வின் 200 வினாக்களில் 100 தமிழிலிருந்து வருகின்றன என்று அவர்களிடம் சொல்லுங்கள். கலைக் கல்லூரிகளில் எந்தத் துறை மாணவருக்கும் பகுதி 1-இல் தமிழ் உண்டு. அதைக் கற்பிக்க ஆள் வேண்டும். உதவிப் பேராசிரியராக முதுகலையில் 55 விழுக்காடும், நெட் அல்லது செட் என்னும் தகுதித் தேர்வில் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ தேவை. போட்டி கடுமையானது, அதை மறைக்க மாட்டேன். என் கவலை வேறு: கவிதை பிடிக்கும் என்று வருபவர்கள் நன்னூலும் தொல்காப்பியமும் வந்ததும் பின்வாங்குகிறார்கள். நூற்பாக்களை மனப்பாடம் செய்யாமல், ஒவ்வொன்றுக்கும் நீங்களே ஓர் எடுத்துக்காட்டு எழுதிப் படியுங்கள். இலக்கணம் உறுதியாக இருப்பவரைப் போட்டித் தேர்வில் அசைப்பது கடினம்.

கேள்வி: துணைப் பாடம் எதை எடுத்தாலும் பரவாயில்லையா? (வாசகர், விருதுநகர்)

பதில்: பரவாயில்லை என்று நினைக்காதீர்கள். எம்.சி.ஏ.வுக்குப் பிளஸ் டூவிலோ பட்டப் படிப்பிலோ கணிதம் இருக்க வேண்டும் என்பது நெடுநாளைய விதி. இல்லாதவர்களை, அந்தக் குறையை ஈடுசெய்யும் இணைப்புப் பாடம் படிக்கச் சொல்வதும் உண்டு. பிளஸ் டூவில் கணிதம் படிக்காதவர்கள், வாய்ப்பிருந்தால் கணிதத்தையே துணைப் பாடமாகக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: வேறு கல்லூரியில் விரும்பிய பாடம் கிடைத்துவிட்டது. இப்போதைய கல்லூரி கட்டணத்தையும் சான்றிதழ்களையும் தர மறுக்கிறது. (மாணவர், கோவை)

பதில்: அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் தெளிவாகவே அறிவித்திருக்கிறது. அதே அறிவிப்பின்படி, சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாள் முன்னதாக விலகினால், சிறு நடைமுறைச் செலவு போக, முழுக் கட்டணமும் திரும்ப வேண்டும். அதற்குப் பின் கடைசி நாள் வரை 90 விழுக்காடு, கடைசி நாள் கழிந்து 15 நாள் வரை 80, 30 நாள் வரை 50, அதன் பிறகு ஒன்றுமில்லை. சில ஆண்டுகளில் இதைவிடத் தாராளமான சலுகையும் வந்ததுண்டு. விலகல் கடிதத்தை இன்றே கொடுத்து, நகலில் நாளும் கையொப்பமும் வாங்குங்கள். வாய்வார்த்தை இங்கும் உதவாது.

கேள்வி: எங்கள் புள்ளியியல் வகுப்பில் 11 பேர்தான். பயமாக இருக்கிறது, மாறிவிடலாமா? (மாணவி, திருச்சி)

பதில்: மாற வேண்டாம். இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு, புள்ளியியலைப் பட்டத்திலோ முதுகலையிலோ படித்தவர்களுக்கு மட்டுமே திறந்திருக்கிறது. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்விலும் கணிதப் புள்ளியியலுக்குத் தனித் தாள் உண்டு. 60 பேர் வகுப்பில் கடைசி வரிசையில் இருப்பவரின் நோட்டை ஆசிரியர் பார்ப்பது அரிது. உங்கள் வகுப்பில் ஒவ்வொரு நோட்டையும் பார்க்க முடியும். நிகழ்தகவுக் கணக்குகளை வாரந்தோறும் ஆசிரியரிடம் காட்டித் திருத்தி வாங்குங்கள்.