லேசரில் பெயர் வெட்டுவதைத் திரையில் காட்டலாமா?

கேள்வி: எங்கள் பாத்திரக் கடையில் பல ஆண்டுகளாகக் கை மெஷினால் பெயர் வெட்டிக் கொடுத்துவந்தோம். இப்போது எவர்சில்வருக்காக 20 வாட் ஃபைபர் லேசர் மெஷின் ஒன்றும், மரம், அக்ரிலிக் வேலைகளுக்காக 60 வாட் கார்பன் டை ஆக்சைடு லேசர் மெஷின் ஒன்றும் வாங்கியிருக்கிறோம். வாடிக்கையாளர்கள் பக்கத்தில் நின்று பார்க்க ஆசைப்படுகிறார்கள். தள்ளி நிற்கச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். கேமரா பொருத்திக் கல்லாவுக்கு அருகில் உள்ள டிவியில் காட்டலாம் என்கிறான் என் மகன். செல்போனை வைத்துப் பார்த்ததில் வெள்ளை வெளிச்சம் மட்டுமே தெரிந்தது. என்ன செய்யலாம்?
- வாசகர், கும்பகோணம்

பதில்: உங்கள் மகன் சொல்வது நல்ல யோசனை. பெயர் வெட்டுபவரின் எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து, "அண்ணே, மூணு சுழி ‘ண’ போடுங்க" என்று சொல்லிப் பழகியவர்கள் நம் மக்கள். லேசர் வந்த பிறகு அந்த முக்காலியை எடுக்க வேண்டியதாகிவிட்டது. அதற்கு ஈடாகத்தான் திரை. ஆனால் உங்களிடம் உள்ள இரண்டு மெஷின்களையும் ஒரே மாதிரி நடத்தக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கார்பன் டை ஆக்சைடு லேசரின் அலைநீளம் 10,600 நானோமீட்டர். சாதாரண அக்ரிலிக்கும் கண்ணாடியும் அதை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், மெஷினின் மூடி சரியாக மூடியிருக்கும் வரை மூடியில் உள்ள ஜன்னலுக்கு வெளியே கேமராவை வைத்துக் காட்டுவதில் பெரிய சிக்கல் இல்லை. ஃபைபர் லேசரின் அலைநீளமோ 1,064 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியாத இந்தக் கதிர் நிறமற்ற கண்ணாடி, அக்ரிலிக் இரண்டையும் தாண்டி வரும். விழி லென்ஸ் அதை விழித்திரையில் ஒரு புள்ளியாகக் குவித்துவிடும். கண் கூசாது, இமை தானாக மூடாது, வலியும் தெரியாது. பார்வையில் கறுப்புப் புள்ளி விழுந்த பிறகுதான் விஷயம் தெரியவரும். எனவே ஃபைபர் மெஷினைச் சுற்றிலும் மூடி, பார்க்கும் ஜன்னலில் 1,064 நானோமீட்டருக்கு என்று குறிப்பிட்டு, ஓ.டி. (OD, ஒளியைத் தடுக்கும் திறனின் அளவு) 6 அல்லது அதற்கு மேல் என்று முத்திரை உள்ள தடுப்புப் பலகையைப் போடுங்கள். ஓ.டி. 6 என்றால் விழும் ஒளியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் கடந்துவரும். பச்சை நிறமாக இருக்கிறது என்பதற்காக ஏதோ ஒரு பிளாஸ்டிக் தகட்டை ஒட்டிவிட்டு நிம்மதியாக இருக்க வேண்டாம்.

கேமராவுக்கும் இதே பாதுகாப்பு தேவை. கேமராவின் சிலிக்கான் உணரி ஏறத்தாழ 1,100 நானோமீட்டர் வரை ஒளியை உணரக்கூடியது. எனக்குத் தெரிந்த கடை ஒன்றில், வளைந்த செம்பு ஒன்றில் பெயர் விழுவதை மிக அருகிலிருந்து படம் பிடித்தார்கள். அதற்குப் பிறகு அந்தச் செல்போனில் எடுத்த படம் எல்லாவற்றிலும், கோயில் கோபுரமானாலும் குழந்தை முகமானாலும், குறுக்கே ஊதா நிறத்தில் மெல்லிய கோடு ஒன்று ஓடியது. தட்டையான தகட்டில் கதிர் எந்தப் பக்கம் திரும்பும் என்று ஊகிக்கலாம். செம்பு, குடம், டம்ளர் போன்றவற்றில் ஊகிக்க முடியாது. ஆகவே கேமரா தடுப்புப் பலகைக்கு வெளியே, நேர் மேலே இல்லாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து இருக்கட்டும். தடுப்புப் பலகையின் நிறத்தால் படம் பச்சையாகத் தெரிந்தால் கேமராவின் வெண்மைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) கையால் மாற்றிச் சரிசெய்துகொள்ளலாம்.

நீங்கள் கண்ட வெள்ளை வெளிச்சத்துக்குக் காரணம், கேமரா தானாக வெளிச்சத்தை அளந்துகொள்வதுதான். லேசர் படும் இடத்தில் எழும் தீப்பொறி மிகச் சிறியது. சுற்றியுள்ள இடம் இருட்டு. கேமரா இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்ட, பொறி திட்டாகப் பரவிவிடுகிறது. மெஷினுக்குள் நல்ல எல்.இ.டி. விளக்கைப் பொருத்தி, பாத்திரத்தின் மீது குவியத்தை (ஃபோகஸ்) நிறுத்தி, குவியத்தையும் வெளிச்ச அளவையும் அப்படியே பூட்டிவிடுங்கள். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியாக வைத்தால், நம் நாட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் விளக்குகளால் திரையில் பட்டை பட்டையாக ஓடும் நிழல் பெரும்பாலும் நின்றுவிடும்.

இவ்வளவும் செய்த பிறகு எதைக் காட்டுவது என்பதில் எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. கை மெஷினில் ஒவ்வோர் எழுத்தாக விழும்போது பிழையைப் பாதியில் பிடித்துவிடலாம். ஃபைபர் லேசரில் ஒரு பெயர் சில நொடிகளில் முடிந்துவிடும். ‘சரவணன்’ என்பது ‘சரவனன்’ ஆகிவிட்டால், தேய்த்து எடுத்த இடம் மங்கித் தெரியும். எனவே பொறி பறப்பதைக் காட்டுவதைவிட அதற்கு முந்தைய ஒரு நிமிடத்தைக் காட்டுவதே உங்களுக்கும் அவர்களுக்கும் நல்லது. திரையின் ஒரு பாதியில் பெயரைப் பெரிய எழுத்தில் போடுங்கள். மறு பாதியில், மெஷினின் சிவப்பு வழிகாட்டி ஒளி பாத்திரத்தில் எந்த இடத்தைச் சுற்றிக் காட்டுகிறது என்பது தெரியட்டும். வாடிக்கையாளர் வாய்விட்டுப் படித்து, "சரி" என்று சொன்ன பிறகு பெடலை அழுத்துங்கள். தமிழ் எழுத்துகளைச் சில மென்பொருள்கள் சரியாகக் கோப்பதில்லை. ‘கோ’வின் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும். வடிவமைப்பிலேயே எழுத்துகளை வளைகோடுகளாக மாற்றி அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை.

இணைப்பைப் பொறுத்தவரை, எச்.டி.எம்.ஐ. கம்பியை நேராக டிவியில் செருகக்கூடிய கேமராவே உங்களுக்குப் போதும். வைஃபை கண்காணிப்புக் கேமராக்களில் படம் ஓரிரு நொடி பிந்தி வரும். வேலை முடிந்த பிறகு திரையில் தொடங்குவதைப் பார்த்தால் பழைய காட்சியை ஓட்டுகிறீர்கள் என்றே நினைப்பார்கள். யு.எஸ்.பி. கேமரா என்றால் கம்பி 5 மீட்டரைத் தாண்டக் கூடாது. கார்பன் டை ஆக்சைடு குழாயின் உயர் அழுத்த மின் கம்பியோடு சேர்த்து அதைக் கட்டவும் வேண்டாம்.

கேள்வி: கார்பன் டை ஆக்சைடு மெஷினின் மூடிக்கு உள்ளேயே கேமரா வைத்திருக்கிறேன். இரண்டு நாளில் படம் மங்கிவிடுகிறது. கேமரா கெட்டுவிட்டதா?
- வாசகர், ஈரோடு

பதில்: கெடவில்லை. எம்.டி.எஃப். பலகையின் (மர நாரைப் பிசினோடு சேர்த்து அழுத்திச் செய்தது) புகையில் உள்ள பிசின் லென்ஸில் படிகிறது. ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய துணியால் துடைத்துவிட்டு, புகை வெளியேறும் பக்கத்திலிருந்து புதுக் காற்று நுழையும் பக்கத்துக்குக் கேமராவை மாற்றுங்கள். லென்ஸ் துடைத்தும் தெளியாமல், உள்ளே இருக்கும் திருகுகளும் துருப்பிடித்திருந்தால், ரெக்சின் போன்ற பி.வி.சி. பொருள் எதையாவது வெட்டினீர்களா என்று யோசித்துப் பாருங்கள். அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் குளோரைடு இரும்பையும் அரிக்கும், நுரையீரலையும் அரிக்கும். வாடிக்கையாளர் எவ்வளவு கேட்டாலும் அந்த வேலையை ஏற்காதீர்கள்.

கேள்வி: வெளியூர் வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப் வீடியோ அழைப்பில் வேலையைக் காட்டுகிறோம். அதைப் பதிவுசெய்து விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாமா?
- வாசகி, மதுரை

பதில்: அழைப்பில் காட்டுவது நல்ல பழக்கம், ஆனால் அழைப்பைப் பிடித்துக்கொண்டிருப்பவர் ஒருவராகவும் மெஷினைக் கவனிப்பவர் வேறொருவராகவும் இருக்கட்டும், ஏனெனில் அக்ரிலிக் தீப்பற்றுவதற்கு அதிக நேரம் ஆகாது. பதிவை வெளியிடுவதற்கு முன் வாடிக்கையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். மணமக்கள் பெயர், வீட்டு எண், நினைவுப் பலகையில் உள்ள முகம் எல்லாமே ஒருவரைப் பற்றிய சொந்தத் தகவல்கள். 2023ஆம் ஆண்டின் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவற்றைப் பற்றியும் பேசுகிறது. கேமரா திரும்பும் பக்கத்தில் மற்றவர்களின் ஆர்டர் சீட்டுகள் ஒட்டியிருந்தால், முதலில் அவற்றை எடுத்து மேசை இழுப்பறையில் வையுங்கள்.