கல்லட்டி இறக்கமும் இரண்டு கார்களும்

அன்புள்ள ஐயா,

பழைய கார்கள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எங்கள் வீட்டில் அப்பாவின் அம்பாசடரும், பிற்பாடு நான் வாங்கிய மாருதி 800-ம் இருக்கின்றன. மலைக்கு அம்பாசடர்தான் என்கிறார் அப்பா. மாருதி அவருக்குத் தீப்பெட்டி. நீங்கள் யார் பக்கம்?

ஆர்., கோத்தகிரி

அன்புள்ள ஆர்.,

ஏற்றத்தில் அப்பா சொல்வது பாதி சரி. அம்பாசடருக்கு இழுவை பின்சக்கரத்தில். ஐந்து பேரும் மூட்டையுமாக ஏறும்போது பாரம் பின்னால் விழும், சக்கரம் நன்றாகப் பிடிக்கும். மாருதிக்கு முன்சக்கரம். மழை நாளில் கொண்டை ஊசி வளைவில் அதன் உட்பக்கச் சக்கரம் வெறுமனே சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள்.

மீதிப் பாதிதான் தகராறு. பழைய அம்பாசடரில் ஃபர்ஸ்ட் கியருக்கு சிங்க்ரோமெஷ், அதாவது கியர் பற்களின் வேகத்தைத் தானே சமன் செய்யும் அமைப்பு, கிடையாது. வளைவில் செகண்ட் திணறினால் டபுள் கிளட்ச் போட்டு (நியூட்ரலில் கிளட்சை விட்டு, ஆக்ஸிலரேட்டரைத் தட்டி, மறுபடி கிளட்ச் மிதித்து) ஃபர்ஸ்டுக்கு வர வேண்டும். வராவிட்டால் கர்ரென்று பல் உரசி வண்டி நிற்கும், பின்னால் வரும் பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்க மாட்டார். அதன் விசிறியோ இன்ஜினோடு பெல்ட்டில் சுற்றுவது. சீசன் நெரிசலில் குன்னூர் மலைப்பாதையில் பர்லியாரைத் தாண்டி ஊர்ந்தால் இன்ஜின் மந்தமாகும், விசிறியும் மந்தமாகும், அப்புறம் ரேடியேட்டர் கொதிக்கும். 1983 கடைசியில் வந்த மாருதியில் மின்விசிறி, வண்டி நின்றாலும் சுற்றும். 2,240 மீட்டர் உயர ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால் காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் கார்புரேட்டர் இரண்டிலும் பெட்ரோலை அதிகமாகக் கலந்து வீணாக்கும். அதில் சண்டை வேண்டாம்.

ஆனால் நான் மலைக்காரை இறக்கத்தில்தான் எடைபோடுவேன். அம்பாசடர் 1,100 கிலோவுக்கு மேல், மாருதி 650 கிலோ பக்கம். இறங்கும்போது அந்த எடையைப் பிரேக் தாங்கியாக வேண்டும். சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிரம்முக்குள் சேரும் சூடு சீக்கிரம் வெளியேறாது. டிரம்மில் உரசும் லைனிங் தீய்ந்த வாடை வரும், பெடல் கெட்டியாகத்தான் இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும், 36 வளைவுள்ள கல்லட்டிப் பாதையில் வெளியூர் வண்டிகளை இறங்க விடாதது சும்மா இல்லை. ஏறின கியரிலேயே இறங்கினால் இன்ஜினும் வண்டியை இழுத்துப் பிடிக்கும்; அந்தப் பழக்கம் அப்பா தலைமுறைக்கு உண்டு. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவருக்கு எந்தக் காரும் உதவாது.

ஆக, கல்லட்டி இறங்க எனக்கு உங்கள் தீப்பெட்டியே போதும். அப்பாவிடம் பதமாகச் சொல்லுங்கள். அம்பாசடர் நெடுநாளாக ஓடாமல் நிற்கிறதென்றால், வெளியே எடுக்கும் முன், சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டர்களைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ரப்பர் இறுகிப்போய் பிரேக் ஆயில் கசியும்.