கடற்கரை வீட்டு கேட்டுக்கு எந்த நிறம், எந்த ஃபினிஷ்?

கேள்வி: சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில், கடலிலிருந்து அரை கிலோமீட்டரில் வீடு. இரும்பு கேட்டுக்கும் பால்கனி கிரில்லுக்கும் கறுப்பு மேட் டெக்ஸ்சர் பவுடர் கோட்டிங் கொடுக்க நினைக்கிறோம். சரிவருமா?

வீட்டுக்குள் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில், வெளியே, வேண்டாம்.

பவுடர் கோட்டிங் என்பது பொடியைத் தூவி, அடுப்பில் உருக்கி ஒட்டவைக்கும் பூச்சு. அதில் டெக்ஸ்சர் என்பது மேடும் பள்ளமும். பள்ளத்தில் பூச்சு மெலிந்திருக்கும். உப்பும் தூசியும் அங்கேதான் தங்கும். துடைத்தால் துணியின் நூல்தான் சொரசொரப்பில் ஒட்டும், அழுக்கு போகாது. வெல்டிங் தழும்பை மறைக்கும் என்பதால் பட்டறைக்காரருக்கு டெக்ஸ்சர் வசதி. நீங்கள் தழும்பை கிரைண்டரில் இழைத்துச் சமமாக்கச் சொல்லுங்கள். முனைகளையும் மழுக்கச் சொல்லுங்கள். கூர்முனையில் பவுடர் உருகும்போது விலகிப்போகும், முதல் துரு அங்கிருந்துதான் கிளம்பும். குழியை அடைக்கச் சாதாரண பட்டி வைக்க விடாதீர்கள், அடுப்புச் சூட்டில் வெடித்துவிடும்.

முழுப் பளபளப்பில் தகட்டின் நெளிவெல்லாம் தெரியும். பளபளப்பே இல்லாத முழு மேட் ஃபினிஷில் கை படும் இடம் தேய்ந்து மினுங்கும். ஆகவே செமி கிளாஸ், அதாவது பாதிப் பளபளப்பு. கறுப்பில் உப்புப் படிவு வெள்ளையாகத் தெரியும், மதிய வெயிலில் தாழ்ப்பாள் கையைச் சுடும். ரால் (RAL) நிற அட்டையில் 7037 போன்ற நடுத்தரச் சாம்பல் இரண்டுக்கும் தேவலை. அடர் சாம்பல்தான் வேண்டுமென்றால் 7016. அதிலும் படிவு கொஞ்சம் தெரியும். மலிவான பவுடரில் சிவப்பு, மஞ்சள் சீக்கிரம் வெளுக்கும். கணினித் திரையில் பார்த்து நிறத்தை முடிவு செய்யாதீர்கள். அதே பவுடர் பூசிய தகட்டுத் துண்டை வாங்கி வெயிலில் வைத்துப் பாருங்கள்.

நிறத்தைவிட முக்கியம் பவுடர் ரகம். பெட்டியின் லேபிளைக் காட்டச் சொல்லுங்கள்: 'ப்யூர் பாலியஸ்டர்' என்றிருக்க வேண்டும். எபாக்ஸி என்ற பிசின் வகைப் பவுடரோ, எபாக்ஸி கலந்த ஹைபிரிட்டோ வெயிலில் சுண்ணாம்புபோல் வெளுத்து உதிரும். அதே எபாக்ஸி அடியில் பிரைமராக இருந்தால் நல்லது. எண்ணெயும் துருவும் நீக்கி, பூச்சு பிடிக்க பாஸ்பேட் ஏற்றி, ஜிங்க் கலந்த எபாக்ஸி பிரைமர், அதன்மேல் 60 முதல் 80 மைக்ரான் தடிமனில் பாலியஸ்டர். கடற்கரையில் ஒற்றைக் கோட் நிற்காது.

கீல், தாழ்ப்பாள் வெல்டிங் எல்லாம் கோட்டிங்குக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். மாட்டும்போது ஒரு பொட்டு வெல்டிங் வைத்தாலும் சுற்றிலும் பூச்சு கருகும். அதன்மேல் அடிக்கும் டச்-அப் பெயின்ட் நிறத்திலும் பொருந்தாது, துருவையும் அதிக நாள் தடுக்காது.