புது வீட்டுச் சுவரில் சிட்டுக்குருவிக்குப் பொந்து விடலாமா?

கேள்வி: கல்முனைப் பக்கம் வீடு கட்டுகிறோம். 6 அங்குல சீமெந்துக் கல், சீற் கூரை. சுவர் வளை மட்டத்துக்குக் கிட்ட வந்துவிட்டது. குருவி கூடு கட்டச் சுவரிலேயே இடம் விடலாமா? சுவருக்குக் கேடு வருமா?

பதில்: தாராளமாக விடலாம். இடம் பார்த்து விட்டால் சுவருக்குக் கேடில்லை. ஆனால் கல் வைக்கும்போதே விட வேண்டும், பூசி முடித்த சுவரைக் கொத்துவது வீண் வேலை. அதற்கும் முன் உங்கள் ஒழுங்கையில், பக்கத்து அரிசி ஆலையில், கடைத்தெருவில் சிட்டுக்குருவி இப்போது திரிகிறதா என்று பாருங்கள். கூட்டமாக வாழும் பறவை அது, பிறந்த இடத்தை விட்டு அதிக தூரம் போகாது. சுற்றுவட்டத்தில் ஒன்றுமே இல்லையென்றால் பொந்து சும்மாதான் கிடக்கும். இருக்கிறதென்றால் ஒன்று போதாது, மூன்று நான்காக அடுத்தடுத்து விடுங்கள். முன்பு ஓட்டு இடுக்கில் தங்கின குருவிக்கு சீலிங்கும், கூரை விளிம்பை மூடும் வலன்ஸ் பலகையும் அடித்த புது வீட்டில் நுழைய வழியே கிடையாது.

அடுத்தது எந்தச் சுவர் என்பது. பாதிப்பேர் பிழை விடுவது இதில்தான். மாரியில் வாடைக்காற்று மழையைக் கிழக்குச் சுவரிலும் வடக்குச் சுவரிலும் சாய்த்து அடிக்கும். ஆனி, ஆடியில் கச்சான் அனலாக வீசும், மேற்குச் சுவருக்கு அதோடு பின்னேர வெயிலும் சேரும். மிஞ்சுவது தெற்குச் சுவர். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்தாலும், கூரை 2 அடி வெளியே நீண்டிருந்தால் உச்சிப்பொழுதில் அதற்குக் கீழ் மூன்றடிக்கு நிழல் விழும். அந்த நிழலுக்குள், தரையிலிருந்து 8 அடிக்கு மேல், சீற்றிலிருந்து ஓரடியாவது கீழே பொந்து வரட்டும். சீற்றோடு ஒட்டினால் குஞ்சு வெந்துபோகும். சுவரைச் சுற்றி ஓடும் வளைய பீம், கதவு ஜன்னலுக்கு மேலே வரும் லின்டல், தூண் எதிலும் கை வைக்கக் கூடாது. மூலையிலிருந்தும் ஜன்னலிலிருந்தும் ஒன்றரைக் கல் தள்ளி எடுங்கள். அந்த வரிசையில் கல் விடப்போவதை மேசனிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ‘மறந்துபோச்சு’ என்று அடைத்துவிடுவார்.

ஒரு கல்லை வைக்காமல் விட்டால் ஏறத்தாழ 15 அங்குல நீளம், 7 அங்குல உயரத்துக்கு இடம் கிடைக்கும். நடுவில் செங்கல் துண்டை நிறுத்தினால் இரண்டு அறை. வீட்டின் உள்பக்கத்தை ஓரங்குலக் கொங்கிரீட் பலகையால் மூடி, விளிம்பைச் சுற்றி இடைவெளி இல்லாமல் பூசுங்கள். மயிரிழை வெடிப்பு இருந்தாலும் பறவைச் செள்ளு படுக்கையறைக்கு வந்துவிடும், பிறகு வீட்டாரே பொந்தை அடைத்துவிடுவார்கள். அறையின் அடித்தளம் வெளிப்பக்கம் சற்றே சரிந்திருக்கட்டும்.

முன்பக்கத்துக்கு முக்கால் அங்குல வேப்பம்பலகை, அறைக்கு ஒன்று, நான்கு மூலையிலும் துருப்பிடிக்காத திருகாணி. சீமெந்தால் நிரந்தரமாக மூடிவிட்டால் துப்புரவாக்க வழி இல்லை. வாசல் துளை 32 முதல் 35 மில்லிமீற்றர். 45ஐத் தாண்டினால் மைனா எட்டிப் பார்க்கத் தொடங்கும். துளையின் நடு, அறையின் அடியிலிருந்து 5 அங்குல உயரத்தில் இருக்க வேண்டும், அப்போதுதான் காகத்தின் அலகுக்கு முட்டை எட்டாது. பலகையின் உள்முகத்தில், துளைக்குக் கீழே, வாளால் ஐந்தாறு குறுக்குக் கீறல் போடுங்கள். குஞ்சு நகம் பதித்து ஏற அதுதான் ஏணி. பலகையின் மேல் ஓரத்தில் 6 மில்லிமீற்றரில் இரண்டு காற்றுத் துளை, கீழ் ஓரத்தில் தண்ணீர் வடிய இரண்டு. வெளிப்பக்கம் மட்டும் வெளிர் நிறப் பெயின்ற். உள்ளே பெயின்ற், வார்னிஷ், கறையான் மருந்து எதுவும் படக் கூடாது. பூச்சு நனைத்து இறுகி, நன்றாகக் காய்ந்த பிறகே பலகையைப் பூட்டுங்கள்.

சிலர் பலகைக்குப் பதிலாக பிவிசி குழாய்த் துண்டை வாசலாகப் பதிப்பார்கள். வேண்டாம். உள்ளே வழுக்கும், சரிவு மாறினால் மழைத்தண்ணீர் கூட்டுக்குள் போகும். அழகுக்காகத் துளைக்குக் கீழே குச்சி வைப்பதும் வேண்டாம், சிட்டுக்கு அது தேவையில்லை, காகத்துக்குத்தான் உட்கார வசதி. பீலிக் குழாய், படர்கொடி, மதிலோரக் கொய்யாக் கிளை எல்லாம் ஐந்தாறு அடி தள்ளி இருக்கட்டும். சாரைப்பாம்பும் பூனையும் அவற்றில்தான் ஏறி வரும். முசுறு கூடு வைத்த மரம் சுவரைத் தொட்டால் குஞ்சு ஒன்றும் மிஞ்சாது.

இங்கிலாந்தில் உழவாரன் (swift) என்ற பறவைக்கென்று உள்ளே குடைந்த செங்கல்லே விற்கிறார்கள். சுவருக்குள் பதிக்கும் கூடுகளுக்கு 2022இல் தரநிலையும் வந்தது. அந்தப் படங்களைப் பார்த்து நீள்வட்ட வாசல் வெட்ட வேண்டாம், அது வேறு பறவைக்கு.

சுவர் 4 அங்குலம் என்றால் ஆழம் காணாது. விறாந்தை இறப்பில் முட்டியைப் படுக்கையாகக் கட்டி, அதன் வாயைத் துளையிட்ட சிரட்டையால் மூடுங்கள். நிழலில் சுட்ட மண் அதிகம் சூடேறாது.

துப்புரவு செய்ய அவசரப்படாதீர்கள். அடைகாக்க 11 முதல் 14 நாள், குஞ்சு பறக்க மேலும் ஏறத்தாழ இரண்டு கிழமை, உடனே அடுத்த ஈடும் தொடங்கும். இரண்டு கிழமை போக்குவரத்தே இல்லாவிட்டால் மட்டும் பலகையைக் கழற்றிப் பழைய புல்லை எடுங்கள். பொந்துக்கு நேர் கீழே எச்சம் விழும், ஆகவே வாசற்படிக்கும் மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடத்துக்கும் மேலே வைக்க வேண்டாம்.