மேடைக்குரல்: வாசகர் கேள்வி – பதில்

ஆடி பிறக்குமுன்பே சேலத்து மெல்லிசைக் குழுக்களிடமிருந்து கடிதங்கள் வரத் தொடங்கிவிட்டன. கோட்டை மாரியம்மன் பண்டிகை மேடைகளில் இந்த முறை பழைய நகைச்சுவை நடிகர் ஜே.பி.சந்திரபாபுவின் பாட்டுக்குத்தான் கிராக்கி போலிருக்கிறது. அதனால் இந்த இதழ் முழுக்க அவருக்கே.

கே: சந்திரபாபுவை மேடையில் அறிமுகப்படுத்த வேண்டும். அவரை நடிகர் என்பதா, பாடகர் என்பதா? வாழ்க்கைக் குறிப்பும் கொடுங்கள்.
– அம்மாபேட்டை வாசகர்

ப: இரண்டும்தான். 1927இல் தூத்துக்குடியில் பிறந்தார். ஜே.பி. என்பது ஜோசப் பனிமயதாஸ். ஊரின் பனிமய மாதா பெயர்தான் இனிஷியலில் ஒளிந்திருக்கிறது. அப்பா விடுதலைப் போராட்டத்தில் இருந்தவர். குடும்பம் கொழும்புக்குப் போக நேர்ந்ததால் பிள்ளை வளர்ந்ததும் படித்ததும் அங்கேதான். 1940களில் சென்னை வந்தார். முதல் படம் 1947இல் 'தன அமராவதி'. அதற்குப் பிறகு நல்ல வாய்ப்புக்குப் பல வருடம் அலைந்தார். 1958இல் 'சபாஷ் மீனா'வில் சிவாஜியோடு இரட்டை வேடம். 1959இல் வந்த 'சகோதரி' இன்னும் சுவாரசியமானது: படம் எடுத்து முடித்த பிறகு, விறுவிறுப்பு போதவில்லை என்று ஏவி.எம். இவருடைய பால்காரர் பகுதியைத் தனியாக எடுத்துச் சேர்த்தது. இன்றைக்கு அந்தப் படத்தில் பலருக்கு நினைவிருப்பது அந்தப் பால்காரரும் அவர் பாட்டும்தான். 1966இல் 'தட்டுங்கள் திறக்கப்படும்' படத்தை இயக்கினார். 1974 மார்ச் 8இல், 46 வயதில் மறைந்தார்.

இன்னொருவருக்கும் குரல் கொடுத்திருக்கிறார். 1954இல் வந்த 'பெண்' படத்தில் எஸ்.பாலச்சந்தர் திரையில் வாயசைக்கும் கல்யாணப் பாட்டு சந்திரபாபு பாடியது. அறிமுகத்தில் இதைச் சொல்லுங்கள், கூட்டம் நிமிரும். கடைசிக் கால வறுமையை மைக் பிடித்து இழுக்க வேண்டாம். அடுத்து வரப்போவது குத்தாட்டப் பாட்டு.

கே: நம்ம ஊர் மாடர்ன் தியேட்டர்ஸ் காலத்தில் நடிகர்களே பாடினார்களாமே? அந்த வழக்கம் ஏன் போனது?
– கன்னங்குறிச்சி வாசகர்

ப: ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் படக்கம்பெனியின் பழைய நுழைவு வளைவைத் தாண்டிப் போகும்போது நடிகர் பி.யு.சின்னப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். 1940இல் அதன் நிறுவனர் டி.ஆர்.சுந்தரம் எடுத்த 'உத்தமபுத்திரன்' படத்தில் இரட்டை வேடமும் அவரே, பாட்டும் அவரே. ஆரம்ப காலப் பேசும் படங்களில் படமும் ஒலியும் ஒரே நேரத்தில் பதிவானதால், பாடத் தெரியாதவருக்குக் கதாநாயகன் வேடம் கிடைப்பது கடினம். 1938இல் 'நந்தகுமார்', 1945இல் 'ஸ்ரீ வள்ளி' என்று ஏவி.மெய்யப்பன் எடுத்த படங்களில் பின்னணிக் குரல் நுழைந்தது. அடுத்த பத்து ஆண்டுகளில் நடிப்பு ஓர் ஆள், பாட்டு ஓர் ஆள் என்றாகிவிட்டது. சந்திரபாபு அதற்குப் பிறகும் தன் பாட்டைத் தானே பாடிய சிலரில் ஒருவர்.

கே: சந்திரபாபு பாணியில் யோடலிங் பாட முயன்றால் தொண்டை கட்டிக்கொள்கிறது. எட்டு வருடம் கர்நாடக சங்கீதம் கற்றவன். எங்கே தவறு?
– சூரமங்கலம் வாசகர்

ப: தவறே அந்த எட்டு வருடத்தில்தான் இருக்கிறது, கோபிக்க வேண்டாம். யோடலிங் என்பது நெஞ்சுக் குரலுக்கும் (கனத்த இயல்புக் குரல்) தலைக் குரலுக்கும் (மெல்லிய உச்சக் குரல்) மாறி மாறித் தாவுவது. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும் இடத்தில் எல்லோருக்கும் ஒரு முறிவு உண்டு. கமகம், அதாவது சுரத்தை அசைத்து இழைப்பது, பழகிய தொண்டை அதை மறைத்து, இழைத்துப் பூசிவிடும். யோடலிங்கில் அந்த முறிவு பளிச்சென்று கேட்க வேண்டும். நீங்கள் நெஞ்சுக் குரலையே மேலே இழுத்துக்கொண்டு போகிறீர்கள், அதனால்தான் கட்டிக்கொள்கிறது.

பெரும்பாலான ஆண்களுக்கு இந்த முறிவு மேல் ஸ்தாயி காந்தாரம், மத்யமத்தை ஒட்டி வரும். இது 1 கட்டை சுருதிக் கணக்கு (ஹார்மோனியத்தின் முதல் வெள்ளைக் கட்டை, அதாவது C, ஸட்ஜமாக). தம்பூராவை 1 கட்டையில் வையுங்கள். நடு ஸ்தாயி பஞ்சமத்தில் 'ஓ' என்று சாதாரணமாகப் பிடியுங்கள். அங்கிருந்து மேல் அந்தர காந்தாரத்துக்கு 'ஈ' என்று ஒரே தாவல். நடுவில் ஜாரு (சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்குவது) கூடாது, தைவத நிஷாதத்தைத் தொடக் கூடாது. மேலே போகும்போது சத்தத்தைக் கூட்டாமல் பாதியாகக் குறையுங்கள். குரல் 'டக்'கென்று மடிந்தால் சரி. மடியாவிட்டால் காற்றை அதிகம் தள்ளுகிறீர்கள் என்று அர்த்தம்.

கீழே 'ஓ', 'ஆ'. மேலே 'ஈ', 'ஊ'. இந்த உயிரெழுத்துப் பங்கீடு முக்கியம். மேலே 'ஆ' வைத்தால் நெஞ்சுக் குரல் விடாது. முதல் வாரம் ஐந்து நிமிடம் பாடி, பத்து நிமிடம் சும்மா இருந்து, மறுபடி ஐந்து நிமிடம். நாளுக்கு அவ்வளவு போதும். தனித் தாவல் சுத்தமான பிறகுதான் யோ–டெ–லே–ஈ என்று சேர்த்து வேகம் கூட்ட வேண்டும். வலி, கரகரப்பு வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

அடுத்த சிக்கல் கரோக்கியில் வரும். பாட்டு உயரமாக இருக்கிறதென்று சுருதியை இறக்குவீர்கள். கரோக்கி ஆப்பில் ஒரு எண் இறக்கினால் அரைச்சுரம்தான் (வெள்ளையோ கறுப்போ, பக்கத்துக் கட்டை) இறங்கும். 2 கட்டையை 1 ஆக்க இரண்டு எண் இறக்க வேண்டும். ஆனால் 4 கட்டையை 3 ஆக்க ஒன்றே போதும். ஹார்மோனியத்தில் அந்த இரண்டுக்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லை என்பதைப் பாருங்கள். இப்படி இறக்கும்போது தாவ வேண்டிய மேல் சுரம் முறிவுக்குக் கீழே வந்துவிட்டால், குரல் மடியவே மடியாது. யோடலிங் வெறும் கத்தலாகிவிடும். பாட்டின் சௌகரியத்துக்கு அல்ல, முறிவுக்குத் தோதாகச் சுருதியை முடிவு செய்யுங்கள்.

ஒலி அமைப்பாளரிடம் எதிரொலியைக் குறைக்கச் சொல்லுங்கள். முந்தைய சுரத்தின் வால் அடுத்த சுரத்தில் ஒட்டினால் தாவல் கலங்கிவிடும். எதிரொலி வேண்டியே தீரும் என்றால் தாளத்தோடு பொருந்தட்டும்: நிமிடத்துக்கு 120 அடி வேகம் என்றால் 250 மில்லிசெகண்ட், அதாவது அரை அடி. தலைக் குரல் மெலிந்து வருமாதலால் அப்போது மைக்கை நாலு விரல் தூரத்துக்கு வாயருகே கொண்டுவந்து, நெஞ்சுக் குரலுக்கு ஒரு சாண் விலக்குங்கள்.

கே: ஆடிக்கொண்டே பாடினால் சரணத்தில் மூச்சு வாங்குகிறது. அவர் எப்படிச் சமாளித்தார்?
– ஆத்தூர் வாசகர்

ப: அவர் சமாளிக்கவே வேண்டியிருக்கவில்லை. பாட்டு முதலில் பதிவாகும். படப்பிடிப்பில் அதை ஒலிக்கவிட்டு ஆடுவார்கள். நேரடி மேடையில் இடையிசையில் ஆடுங்கள், அது முடிய இரண்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) இருக்கும்போதே நின்றுவிடுங்கள். சரணத்தில் தோள், கை, முகம் போதும். அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த நேரக் கணக்கைத்தான். மூக்கை இறுக்கி அவர் குரலை அப்படியே போலி செய்வது மிமிக்ரி. மூன்று நிமிடம் தாங்காது.

கே: ஏற்காடு கோடைவிழாவில் பாடினோம். சேலத்தில் ஒத்திகை பார்த்தபோது சேர்ந்திருந்த கிடாரும் குழலும் மேலே போனதும் சண்டை போட்டுக்கொண்டன.
– அயோத்தியாப்பட்டணம் குழு

ப: குளிர்தான் காரணம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். பொழுது சாய்ந்தால் வெப்பம் சட்டென்று இறங்கும். குளிரில் கிடாரின் எஃகுத் தந்தி சுருங்கி சுருதி ஏறும். குழலுக்குள் இருக்கும் காற்று குளிர்ந்தால் சுருதி இறங்கும். 10 டிகிரி குறைந்தால் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு அரைச்சுரம். ஒன்று ஏற, ஒன்று இறங்க, கீபோர்டு மட்டும் அசையாமல் நடுவில் நிற்கும். மலைப் பனியின் ஈரத்தில் தபலாத் தோலும் தளரும். வாத்தியங்களை அரைமணி முன்னதாகவே பெட்டியிலிருந்து எடுத்து மேடையில் வையுங்கள். குழலை ஊதிச் சூடாக்கிய பிறகு கீபோர்டுக்குச் சுருதி சேருங்கள். கிடாரைக் கடைசியாகச் சேர்த்து, மூன்று பாட்டுக்கு ஒருமுறை சரிபாருங்கள். பாடகர் வெந்நீர் குடிக்கலாம். மிளகு மிட்டாய் வேண்டாம், தொண்டை வறளும்.

கே: பழைய பாட்டுதானே, மேடையில் பாடி யூடியூபில் போட்டால் யாரும் கேட்க மாட்டார்களே?
– ஓமலூர் வாசகர்

ப: கேட்பார்கள். ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டு உரிமை. 1957இல் வந்த பதிவுக்கு அது 2017 கடைசியோடு தீர்ந்தது. வரியும் மெட்டும் வேறு கணக்கு: ஆக்கியவர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டு. 'புதையல்' படத்து 'உனக்காக எல்லாம் உனக்காக' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதிய பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959இல் மறைந்தார்; வரியின் காலம் 2019 கடைசியோடு முடிந்தது. மெட்டமைத்த இருவரில் எம்.எஸ்.விஸ்வநாதன் 2015இல்தான் மறைந்தார். எனவே மெட்டின் உரிமை 2075 வரை நிற்கிறது. நீங்கள் வாங்கும் கரோக்கி டிராக் புதிய பதிவு என்பதால் அதற்குத் தனி உரிமை. டிக்கெட் போட்ட நிகழ்ச்சி என்றால் இசை உரிமைச் சங்கமான ஐ.பி.ஆர்.எஸ்.ஸின் அனுமதியை அமைப்பாளர் பெயரில் முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுங்கள்.